பன்னிரண்டு பேர் ஊதிய கணக்கு

புள்ளியியலில் எம்.எஸ்சி. முடித்தவளுக்கு இறால் ஹேச்சரியில் என்ன வேலை என்று என் அப்பா இன்றைக்கும் கேட்பார். திருப்போரூருக்கு உள்ளே தள்ளி, நெல்லும் தர்ப்பூசணியும் போடுகிற குடும்பம் எங்களுடையது. படூரில் கல்லூரிக்குப் போன இடத்தில் கடற்கரைக் குப்பத்துப் பையனைப் பார்த்து, இரண்டு வீட்டையும் பகைத்துக்கொண்டு கட்டிக்கொண்டேன். அவர் கல்பாக்கத்துக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே அவருடைய குப்பம். அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்த ஒரே ஆபீஸ் வேலை அந்த ஹேச்சரிதான். இறால் குஞ்சு பொரித்து, பிளாஸ்டிக் பையில் தண்ணீரும் ஆக்சிஜனும் நிரப்பிப் பண்ணைகளுக்கு அனுப்புகிற இடம். தண்ணீர் சோதிப்பதும், ரெஜிஸ்டர் எழுதுவதும், மானேஜர் கேட்கிற கணக்கைப் போட்டுக் கொடுப்பதும் என் வேலை.

அங்கே குப்பத்துப் பெண்கள் பன்னிரண்டு பேர் வேலை பார்த்தார்கள். ரெஜிஸ்டர்படி ஆறு பேர் பேக்கிங், ஆறு பேர் தொட்டி கழுவும் கொட்டகை. பேக்கிங் அறை காற்றோட்டமாக இருக்கும். கொட்டகையில் ப்ளீச்சிங் பவுடர் கரைத்துத் தொட்டி தேய்ப்பார்கள். நான்கு பக்கமும் தகரம், ஜன்னல் கிடையாது. வாசலில் நின்றாலே கண் எரியும். மானேஜர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். உள்ளே போகிறவர்கள் மூக்கோடு சேர்த்து முகத்தில் துண்டு கட்டிக்கொள்வார்கள். கண் மட்டும் தெரியும், யார் யார் என்று தெரியாது.

அந்த ஆறு பேரில் ஒருத்தி என் ஓரகத்தி. என் கணவரின் அண்ணன் பெண்டாட்டி. ஒரே வாசல், இரண்டு அடுப்பு. அவளுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். குழாயடியில் என் குடத்தை நகர்த்தி வைப்பாள், நான் திருப்பி நகர்த்துவேன். "ஆபீஸ்காரி வந்துட்டா, வழி வுடுங்கடி" என்பாள். எனக்குச் சுருக்கென்று வரும். வேலையில் மட்டும் எங்களுக்குள் ஓர் ஒழுங்கு இருந்தது. கழுவிய தொட்டியில் குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க, தினமும் காலையில் நான் கொட்டகைக்குள் போய்த் தண்ணீர் எடுக்க வேண்டும். நான் கர்ப்பமான நாளிலிருந்து அவளே பாட்டிலில் பிடித்து வாசலுக்குக் கொண்டுவந்து நீட்டுவாள். பிள்ளை பிறந்து எட்டு மாதம் ஆகியும் அது அப்படியே நடந்தது. நான் வாங்கிக்கொண்டு போவேன். நன்றி என்று சொன்னதாக ஞாபகம் இல்லை.

ஒருநாள் காலை அவள் பாட்டிலை நீட்டியபடியே இருமத் தொடங்கினாள். இருமல் நிற்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து துண்டை அவிழ்த்து வாயைப் பிளந்தாள். காற்று உள்ளே போகிற சத்தம் விசில் மாதிரி கேட்டது. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். மூச்சு வந்ததும் நேரே மானேஜர் அறைக்குப் போய்விட்டாள்.

"சார், உள்ளாற நிக்க முடியல. காத்தை வெளிய தள்ற ஃபேன் ஒண்ணு போடு. இல்லாங்காட்டி ஒருநாளு அங்கியே பொணமா கெடப்போம்."

அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மத்தவங்க யாரும் ஒண்ணும் சொல்லலையே? உனக்கு மட்டும் என்ன?" என்றார். அவள் விடவில்லை. குரல் ஏறியது. கடைசியில் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், நீங்க கணக்குப் படிச்சவங்க. இந்தப் பன்னெண்டு பேரையும் சோதிச்சுச் சொல்லுங்க. கொட்டகை ஆளுங்களுக்கு உண்மையிலேயே மூச்சு குறைஞ்சிருந்தா அடுத்த வாரமே ஃபேன். இல்லைன்னா, பொய் சொல்லி ஆளைக் கிளப்பிவிடறவ எனக்கு வேணாம். நீங்க எழுதித் தர்றதுதான் முடிவு."

எனக்குள்ளே ஒரு பெருமை வந்தது. அதை மறைக்கப் போவதில்லை. இத்தனை வருஷம் தண்ணீர் பாட்டில் தூக்கியவளிடம் முதன்முறையாகப் படித்த படிப்பைக் கேட்கிறார்கள். வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: "இன்னாமே, நாங்க ஊதுனா ஃபேன் வந்துருமா?"

"வரும்க்கா. கணக்கு பொய் சொல்லாது" என்றேன்.

செங்கல்பட்டில் மருந்துக்கடையில் ஊதுகிற குழாய் ஒன்று வாங்கிவந்தேன். மூச்சை நிறைய இழுத்து ஒரே ஊதாக ஊதினால் உள்ளே முள் நகர்ந்து ஓர் எண்ணில் நிற்கும். எண் பெரிதானால் நெஞ்சு பலமாக இருக்கிறது என்று அர்த்தம். ஆளுக்கு மூன்று முறை ஊதவைத்து, அதில் பெரியதை எழுதிக்கொண்டேன். ஒருத்திக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ஒருத்தி சாமி கும்பிட்டுவிட்டு ஊதினாள். என் ஓரகத்தி ஊதியபோது முள் பாதிக்குக் கீழேயே நின்றுவிட்டது. இரண்டாவது முறை இன்னும் கீழே போயிற்று. மூன்றாவது முறை ஊதாமல் இருமினாள்.

பேக்கிங்கில் ஒரு பெண் பள்ளிக்கூடத்தில் கபடி ஆடியவள். அவள் ஊதியதில் முள் எகிறிக் கடைசிக்குப் பக்கத்தில் போய்விட்டது. அப்போதே எனக்கு விஷயம் புரிந்தது. சராசரி போட்டால் இந்த ஒருத்தியாலேயே பேக்கிங் கூட்டம் உயர்ந்துவிடும். கொட்டகை தாழ்ந்து தெரியும். மானேஜருக்கு அதற்கு மேல் தெரியாது. சராசரியைக் காட்டியிருந்தால் ஃபேன் வந்திருக்கும், என் ஓரகத்தி வேலையும் தப்பியிருக்கும். ஆனால் ஒருத்தியின் நெஞ்சை வைத்து ஆறு பேரை அளப்பது ஏமாற்று வேலை. ஆள் குறைவு, எண்களும் சீராகப் பரவவில்லை என்றால் சராசரியைத் தொடாதே, வரிசையைப் பார் என்பதுதான் நான் படித்தது.

வரிசை பார்ப்பது பெரிய வித்தை இல்லை. ரேஷன் கடை க்யூவை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தெருக்காரர்களையும் ஒரே க்யூவில் நிற்கவைக்கிறோம். யார் எந்தத் தெரு என்று பார்க்காமல், மூச்சு குறைந்தவர் முதலில், அதிகமானவர் கடைசியில். அப்புறம் ஒரு தெருக்காரர்கள் நிற்கிற இட எண்களைக் கூட்ட வேண்டும். தெருவுக்கும் மூச்சுக்கும் சம்பந்தமே இல்லையென்றால் இரண்டு தெருவும் கலந்து நிற்கும், கூட்டலும் ஏறக்குறைய சமமாக வரும். ஒரு தெரு மொத்தமும் முன்னால் முட்டிக்கொண்டு நின்றால், அது தற்செயல் இல்லை. கபடிக்காரி எவ்வளவு பலமாக ஊதினாலும் அவளுக்குப் பன்னிரண்டாவது இடம்தான், அதற்கு மேல் இல்லை.

மானேஜர் எதிரே உட்கார்ந்து பார்க்க, மேசையில் ஆளுக்கொரு சீட்டாக, மூச்சு குறைந்தவளிலிருந்து அடுக்கினேன். கொட்டகைக்கு வெள்ளை, பேக்கிங்குக்கு ரோஸ். ஒன்று முதல் பன்னிரண்டு வரை கூட்டினால் எழுபத்தெட்டு. சமமென்றால் பக்கத்துக்கு முப்பத்தொன்பது. புள்ளியியல் அட்டவணைப்படி வெள்ளைச் சீட்டுகளின் கூட்டல் இருபத்தாறோ அதற்குக் கீழோ வந்தால்தான், கொட்டகையில் கோளாறு என்று நான் எழுத முடியும். கண்ணாடிக் கதவுக்கு வெளியே என் ஓரகத்தி நின்றுகொண்டிருந்தாள்.

முதல் சீட்டு வெள்ளை. அவளுடையது. அடுத்தது ரோஸ். மூன்றாவது வெள்ளை. நான்கு ரோஸ், ஐந்தும் ரோஸ். ஆறில்தான் வெள்ளை வந்தது. அங்கேயே முடிந்துபோயிற்று. மீதி மூன்று வெள்ளையும் அடுத்தடுத்து வந்தாலும் முப்பத்துநான்குக்குக் குறையாது. அதுவும் வரவில்லை. ஏழு ரோஸ், எட்டு, ஒன்பது, பத்து வெள்ளை. கூட்டினால் முப்பத்தேழு. அந்தப் பக்கம் நாற்பத்தொன்று. கண்ணை மூடிக்கொண்டு குலுக்கிப் போட்டாலும் இப்படித்தான் வரும்.

"சொல்லுங்க மேடம்" என்றார்.

மறுபடி கூட்டினேன். "வித்தியாசம் இருக்குன்னு சொல்ல ஆதாரம் இல்லை சார்" என்றேன். ஆதாரம் இல்லை என்பதற்கும் வித்தியாசம் இல்லை என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அதை வாய்திறந்து சொல்லியிருக்க வேண்டும். அவர் "வித்தியாசம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டார். போட்டேன்.

அன்று மத்தியானமே அவளை அனுப்பிவிட்டார்கள். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு என் மேசையைத் தாண்டிப் போனாள். என்னைப் பார்க்கவில்லை.

வீட்டில் அந்த வாரம் நரகம். கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன், அது எனக்குக் கைவந்த கலை. அவள் கத்தவில்லை. என் குடத்தை நகர்த்தவில்லை. நான் வேலைக்குப் போகும்போது பிள்ளையைக் கை நீட்டி வாங்கிக்கொள்வாள், வந்ததும் கொடுப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டுக்கொண்டே இருக்கும். என் கணவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "அண்ணி பொய் சொல்ற ஆளு இல்ல." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்போ நான் சொல்றேனா?" என்று எகிறினேன். கணக்கை மூன்று முறை திரும்பப் போட்டுப் பார்த்தேன். கணக்கில் தப்பே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளைக்குக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தேன். பேக்கிங்கில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் வந்து நின்று உள்ளே குரல் கொடுத்தாள்.

"யக்கா, நாளைக்குக் கொட்டாய்க்கு உன் முறை வருதே. கயித்துல உன் துணிதான் கீது. இப்போ யாரு போறது? நானே போயிரட்டா?"

என் ஓரகத்தி உள்ளிருந்து ஓடிவந்து அவளுக்குக் கண்ணைக் காட்டினாள். நான் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டேன்.

"எந்த முறை? நீ பேக்கிங்தானே? நீ எதுக்குக் கொட்டாய்க்குப் போறே?"

பக்கத்து வீட்டுப் பெண் பேந்தப் பேந்த விழித்தாள், விடாமல் கேட்டதும் முறை இருப்பதைச் சொல்லிவிட்டாள். ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் வலை போட எங்கள் குப்பத்தில் முறை உண்டு என்பது எனக்குத் தெரியும். நல்ல இடமும் கெட்ட இடமும் வீட்டுக்கு வீடு சுற்றிவரும், எந்த வீடும் எப்போதும் கெட்ட இடத்திலேயே கிடக்காது. அதை அப்படியே ஹேச்சரிக்குள் கொண்டுபோயிருக்கிறார்கள். ரெஜிஸ்டரில் என்ன எழுதியிருந்தாலும், கொட்டகை வேலை பன்னிரண்டு பேருக்கும் முறை வைத்துச் சுற்றி வந்திருக்கிறது. கொட்டகைக்குள் ஆணியில் தொங்கும் நைலான் கயிற்றில், முறைக்கு அடையாளமாக, ஆளுக்கு ஒரு சீலைத் துண்டு முடிந்திருக்கும். வாரத்துக்கு வாரம் அடுத்த துண்டுக்காரிகள் உள்ளே போவார்கள். முகத்தில் துண்டு கட்டியிருப்பதால் யாருக்கும் தெரியாது. நான் அச்சடித்த மாதிரி அதே ஆறு பெயரை நாள்தோறும் ரெஜிஸ்டரில் எழுதிக்கொண்டிருந்தேன்.

அடிப்பாவிகளா! வெள்ளையும் இல்லை, ரோஸும் இல்லை. பன்னிரண்டு பேரும் ஒரே புகையைக் குடித்தவர்கள். இரண்டு கூட்டமே இல்லாத இடத்தில் இரண்டு கூட்டத்தை ஒப்பிட்டு, வித்தியாசம் இல்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

"ஏன்க்கா சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...!" என்று கத்தினேன். பிள்ளை பயந்து அழுதது.

அவள் பிள்ளையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னாள்: "நீ எங்கமே கேட்டே? ஊதுன்னே, ஊதுனோம்."

அவளே தொடர்ந்தாள். "இத்தை நீ போயி அவனாண்ட சொல்லிகினு நிக்காதே. ரெஜிஸ்டர ஏமாத்திட்டாளுங்கன்னு பன்னெண்டு பேரையும் தொரத்துவான். ஒருத்தி போனதோட போவட்டும்."

"வாசல்ல தினமும் உன்னைத்தானேக்கா பார்த்தேன்? நீ எப்பவும் கொட்டாய்லதானே இருந்தே?"

அவள் பிள்ளையோடு வெளியே போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே மீதிப் பதினொரு பேரையும் தேடிப்போய்க் கேட்டேன். சொன்னால் எல்லோர் வேலைக்கும் ஆபத்து, சொல்லாவிட்டால் எல்லோர் நெஞ்சுக்கும் ஆபத்து என்று மறைக்காமல் சொன்னேன். கபடிக்காரிதான் முதலில் பேசினாள். அவள் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. "சொல்லிடுக்கா. எனக்கும் ராவுல இருமல் வருது" என்றாள். அப்புறம் ஒவ்வொருத்தியாகத் தலையாட்டினார்கள்.

இந்த முறை சரியான இன்னொரு கூட்டம் வேண்டும். ஹேச்சரி வாசலையே மிதிக்காத, அதே குப்பத்து, அதே வயதுப் பெண்கள். கூடையில் மீன் விற்கிற ஆறு பேரை அன்று ராத்திரியே ஊதவைத்தேன். ஊதுவதற்கு முன்னால் இந்தத் தடவை கேட்டேன்: எங்கே வேலை, எத்தனை வருஷம், யாருக்காவது மாற்றாளாகக் கொட்டகைக்குப் போனதுண்டா. பழைய பன்னிரண்டோடு இந்த ஆறையும் சேர்த்துப் பதினெட்டுச் சீட்டு. மீன்காரிகள் அத்தனை பேரும் க்யூவின் வாலில் நின்றார்கள். கபடிக்காரி ஒருத்திதான் அவர்களுக்கு நடுவே புகுந்தாள், இன்னொருத்தி ஓரத்தில் ஒட்டிக்கொண்டாள். ஆறு பேரின் கூட்டல் தொண்ணூற்றொன்று. எல்லோரும் கடைசி ஆறு இடத்திலேயே நின்றிருந்தால் கூடத் தொண்ணூற்று மூன்றுதான். குலுக்கிப் போட்டால் இப்படி வரவே வராது.

திங்கட்கிழமை அந்தத் தாளை மானேஜர் மேசையில் வைத்தேன்.

"முன்னாடி நான் எழுதிக் கொடுத்தது தப்பு சார்."

அவர் நிதானமாகப் படித்தார். "மீன் கூடை தூக்கறவங்களுக்கு இயல்பாவே நெஞ்சு பலமா இருக்கலாமே?" என்றார். நியாயமான கேள்விதான், இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டேன். "ஆனா அந்த ஒரு காரணத்தால மட்டும் இவ்வளவு தூரம் விலகுமான்னு டாக்டரை வெச்சுப் பார்த்துக்கலாம் சார்."

"சரி, முதல் தடவை ஏன் வித்தியாசம் வரலை?"

இந்தக் கேள்விக்குத்தான் இரவெல்லாம் பயந்திருந்தேன். முறையையும் கயிற்றில் இருக்கும் துண்டுகளையும் பற்றிச் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. "அப்போ பன்னெண்டு பேரும் சேர்ந்து என்னை ஏமாத்தியிருக்காளுங்க" என்று எழுந்து கொட்டகைக்கு நடந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். நான் பின்னாலேயே போனேன். அந்தக் கொட்டகைக்குள் நான் காலெடுத்து வைத்து ஏறக்குறைய ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. தொண்டையில் கத்தி வைத்த மாதிரி இருந்தது. பெண்கள் தேய்ப்பதை நிறுத்திவிட்டு நின்றார்கள்.

அவர் ஆணியிலிருந்து கயிற்றை எடுத்து ஒவ்வொரு துண்டாக எண்ணினார். ஒருமுறை எண்ணி, மறுபடி எண்ணினார்.

"பன்னெண்டு பேர்தானே? இதுல பதிமூணு இருக்கு. வெளியாள் எவளை உள்ளே விட்டீங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் நான் கயிற்றைக் கவனித்தேன். ஓர் ஓரத்தில் நீலத் துண்டு ஒன்று முடிந்திருந்தது. வெள்ளைப் புள்ளி போட்ட நீலம். என் கல்லூரித் துப்பட்டா. கர்ப்பமாக இருந்தபோது, "கரித்துணிக்கு ஆவும், குடுமே" என்று என் ஓரகத்தி கேட்டு வாங்கிப்போனது.

பக்கத்து வீட்டுப் பெண் தலையைக் குனிந்தபடி சொன்னாள்: "உள்ளாற வந்து தண்ணி எடுக்கற வேலை இவங்களுக்கும் கீது சார். அப்போ முறையும் உண்டு இல்ல? புள்ளத்தாச்சி எப்படி வருவா? அவங்க வூட்டு முறைய அவங்க வூட்டு ஆளு எடுக்கணும். அந்தக்காதான் ரெண்டு முறையும் எடுத்துகினு இருந்துச்சு. தெனமும் பாட்டிலுக்கு வேற வரும்."

தினமும் வாசலில் அவளைப் பார்த்ததால்தான் ரெஜிஸ்டர் சரியென்று நம்பினேன். முதல் சீட்டு ஏன் அவளுடையதாக இருந்தது என்பதும் அங்கே நின்றபோதுதான் உறைத்தது. அழுகை வந்தது. ப்ளீச்சிங் புகையில் எல்லோர் கண்ணிலும் தண்ணீர்தான், அதனால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"வெளியாள் இல்லை சார். பதிமூணாவது ஆள் நான்" என்றேன். "ரெஜிஸ்டர் எழுதினதும் நான், பார்க்காம எழுதினதும் நான். அனுப்பறதுன்னா என்னை அனுப்புங்க. ஆனா இந்தத் தாளோட நகல் என்கிட்ட இருக்கு. கேக்கறவங்க எல்லாருக்கும் காட்டுவேன்."

பதில் சொல்ல வாயைத் திறந்தவர் இருமத் தொடங்கினார். உள்ளே வந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கயிற்றைக் கையில் பிடித்தபடியே வெளியே ஓடினார்.

மதியம் முதலாளிக்குப் போன் போயிற்று. சாயங்காலம் மானேஜர் என்னைக் கூப்பிட்டு, ஃபேன் வருகிறது, உங்கள் ஓரகத்தியையும் வேலைக்கு வரச்சொல்லுங்கள், பேக்கிங்கில் மட்டும், என்றார். ரெஜிஸ்டரைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

வீட்டுக்குப் போனபோது அவள் வாசலில் உட்கார்ந்து பிள்ளைக்குக் காக்கா காட்டிக்கொண்டிருந்தாள். ஃபேன் வருவதையும், அவளைப் பேக்கிங்குக்குத் திரும்பக் கூப்பிட்டதையும் சொன்னேன். "அப்பிடியா" என்றாள். கயிற்றிலிருந்து அவிழ்த்து வந்த நீலத் துண்டைப் பையிலிருந்து எடுத்து அவள் மடியில் வைத்தேன். பார்த்தாள், மடித்து வைத்துக்கொண்டாள்.

"அக்கா, நாளையிலேர்ந்து என் முறையை நானே எடுத்துக்கறேன்" என்றேன்.

"ஃபேன் மாட்டுனாங்களா?"

"இல்ல. இந்த வாரக் கடைசியிலதான்."

"அப்போ அதுக்கப்பால எடுத்துக்கோ. இந்த வாரம் நான் போறேன். புள்ள பாலு குடிக்குதில்ல" என்றாள். மேலே ஏதோ சொல்ல வந்தவளுக்கு இருமல் வந்துவிட்டது. நான் பிள்ளையை வாங்கிக்கொண்டு, அது நிற்கிறவரைக்கும் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.